கொல்லைக்குப் போகும் வைஃபை

காரைக்காலின் பழைய வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். வீதியில் திண்ணை, அப்புறம் ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் பின்னால் கொல்லை. கொல்லைக் கடைசியில் ஏதாவது ஒரு தனிக்கட்டடம் நிற்கும். மோட்டார் கொட்டகையாக இருக்கலாம், மாட்டுக் கொட்டிலாக இருக்கலாம், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தங்கும் ஒற்றை அறையாகவோ பின்வீதிப் பக்கம் கதவு வைத்த கார் ஷெட்டாகவோ இருக்கலாம். ஃபைபர் கேபிள் வீதிக் கம்பத்திலிருந்து வருவதால் மோடம் முன்னறைச் சுவரில்தான் உட்காரும். நெட் வேண்டிய இடமோ நேர் எதிர்க்கோடி. இந்த இரண்டு கோடியையும் இணைப்பதுதான் சில வருஷமாக என் பிழைப்பில் பாதி.

நான் கேபிள் டி.வி. லைனில் தொழில் பழகியவன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் கோஆக்ஸ் இழுத்து, ஆம்ப்ளிஃபயர் மாட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறகு ஃபைபர் வந்தது. கேமராவும் ஸ்மார்ட் சுவிட்சும் கடைகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கூப்பிடுகிறவர்களின் பேச்சு மாறியது. "நெட்டு நல்லா வருது தம்பி, கொல்லையிலதான் எடுக்கல."

இந்த ஊரில் அந்தப் புகாருக்குத் தனி வேர் உண்டு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சில் இருக்கிறார்கள். வீடு இங்கே இருக்கிறது. ஒரு சித்தியோ பழைய வேலையாளோ பார்த்துக்கொள்கிறார். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் வீடும் அப்படித்தான். இங்கே இரவு பத்தரைக்கு வீதி அடங்கும்போது குளிர்காலப் பாரிசில் மாலை ஆறு. வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்தவர் போனை எடுத்துத் தன் கொல்லையைப் பார்க்க நினைக்கிறார். பின்கதவு பூட்டியிருக்கிறதா, தொட்டி நிரம்பியதா, தோட்டத்து விளக்கு எரிகிறதா என்று அங்கிருந்தே தெரிய வேண்டும். முடிந்தால் அங்கிருந்தே போடவும் அணைக்கவும் வேண்டும். ஸ்மார்ட் ஹோம் என்று விளம்பரத்தில் காட்டும் அலங்காரமெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். மோட்டாரும் கேமராவும்தான் முதலில்.

வேலைக்குப் போனதும் நான் செய்வது ஒரு நடை. மோடத்தின் பக்கத்தில் தொடங்கி, போனில் சிக்னல் அளக்கும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டகை வரை நடப்பேன். வாடிக்கையாளர்கள் வேகம் எவ்வளவு என்று கேட்பார்கள். நான் பார்ப்பது டிபிஎம் கணக்கை. மைனஸ் 60-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 70 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 80 என்றால் காலையில் எடுக்கும், ராத்திரி விட்டுவிடும். அந்த எண்ணில் மூன்று குறைந்தாலே அலையின் பலம் பாதியாகிவிட்டது என்று பொருள். பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். கூடத்தில் மைனஸ் 50 காட்டிய போன் முற்றத்தைத் தாண்டியதும் 65-க்கு இறங்கும். அடுக்களையின் பின்சுவரைக் கடந்ததும் 78. சுண்ணாம்புக் காரையில் ஒன்றரை அடிக்குக் கட்டிய பழைய சுவர் தனியே நின்றாலே அலைக்குப் பாரம். அப்படி மூன்று சுவர் வரிசையாக நின்றால் பின்னால் எதுவும் தேறாது.

சுவரை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். முற்றத்தின் மேலே காக்கைக்கும் பூனைக்கும் அடித்த கம்பி வலையை யாரும் கவனிப்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். வலைக்கண் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால், அலையைப் பொறுத்தமட்டில் அது தகரத்துக்குச் சமம். ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சிறியது. சுவருக்கு இன்னும் பயப்படும். சந்தையில் விற்கிற ஸ்மார்ட் பிளக், சுவிட்ச் எல்லாவற்றிலும் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் உண்டு. ரொம்பப் பிரபலமான இஎஸ்பி8266 சில்லுக்கு ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே புது மோடத்தில் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் ஓடவிட்டு, "பிளக் சேரவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு முதல் வைத்தியம் 2.4-ஐத் தனிப் பெயரில் பிரித்துக் கொடுப்பதுதான்.

கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு வீடு. மோட்டார் கொட்டகையைச் சுற்றி வாழை. சித்திரையில் வைத்த கேமரா ஆவணி வரை ஒரு சிரமமும் இல்லாமல் ஓடியது. ஐப்பசியில் மழை பிடித்ததும் நின்றுவிட்டது. மழையால் அலை நிற்கிறது என்று வீட்டுக்காரர் முடிவு கட்டியிருந்தார். இந்தச் சின்னத் தூரத்தில் மழைத்துளி இந்த அலைகளை ஒன்றும் செய்துவிடாது. காரணம் வாழை. சித்திரையில் இடுப்பளவு இருந்த கன்று ஐப்பசிக்குள் ஆளுயரம் தாண்டி இலை விரித்துவிட்டது. வாழை இலையும் தண்டும் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்த அலையைக் குடிக்கும். இலைமேல் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மழை விட்டுச் சாரல் மட்டும் விழுந்த ஒரு காலையில் நான் போனைப் பிடித்து நின்றேன். வீட்டுக்காரர் வழியில் சரிந்திருந்த மூன்று நான்கு இலையை அரிவாளால் தட்டிவிட்டார். எண் 84-லிருந்து 76-க்கு வந்தது. அவருக்கு ஆச்சரியம். "அப்ப வாழையை வெட்டிடணுமா?" என்றார். வேண்டாம், ஆண்டெனாவை இலைக்கு மேலே தூக்குவோம் என்றேன்.

எனக்கு முன்பே பலர் கடையில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டியிருப்பார்கள். அதைக் கொட்டகைக்குள்ளேயே மாட்டியிருப்பார்கள், எங்கே நெட் வேண்டுமோ அங்கே. அது தப்பான இடம். சிக்னல் வராத இடத்தில் நின்றுகொண்டு அது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி வழியில், முன்னாலிருந்து மைனஸ் 65 ஆவது கிடைக்கிற இடத்தில், அடுக்களையின் பின்ஜன்னல் ஓரத்தில் மாட்டினால் பல வீடுகளில் அதோடு வேலை முடிந்துவிடும். அதற்கு நான் வாங்குவது வந்து போகும் கூலி மட்டும். ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் பேசுவதால் வேகம் பாதியாகும். ஒரு பிளக்கைப் போட்டு அணைக்க அது தாராளம். இரவு முழுக்க ஓடும் இரண்டு கேமராவுக்குப் பற்றாது.

தூரம் கூடினால், கொல்லையைத் தாண்டித் தோப்பு, தோப்பைத் தாண்டி ஷெட் என்று போனால், இரண்டு முனையிலும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஆண்டெனா ஜோடி வைப்போம். எங்கள் லைனில் அதற்கு பி-டு-பி என்று பேர். ஜனங்கள் டிஷ் என்பார்கள். 2005-இல் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் வெளியிடத்திலும் பயன்படுத்த அனுமதித்தது. 2018 அக்டோபரில் ஐந்து கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியையும் வெளியிடத்துக்குத் திறந்துவிட்டது. பலத்துக்கு மட்டும் வரம்பு உண்டு. இன்று மொட்டை மாடிக்கு மொட்டை மாடி இந்த வெள்ளைப் பெட்டிகள் நிற்பது அந்த ஆணைகளின் தயவில்தான்.

இந்த ஜோடியில் நேர்ப்பார்வை இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். கண்ணுக்கு எதிர்ப்பெட்டி தெரிகிறது, ஆனால் இணைப்பு தடுமாறுகிறது. காரணம், அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. இரண்டு முனையும் கூராக, நடுவில் மீன் போலப் பருத்து ஒரு வெளியை எடுத்துக்கொண்டு போகிறது. பிரெனெல் மண்டலம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நூறு மீட்டர் தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுவிடத்தில் அதன் ஆரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், 2.4-இல் ஒன்றேமுக்கால் மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்காவது தடையில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே ஓட்டு விளிம்பை உரசிக்கொண்டு போகிற பார்வை போதாது. மூன்றடியாவது மேலே தூக்க வேண்டும். தூக்குவதற்குத் தென்னை மரம் தயாராக நிற்கிறது என்று வீட்டுக்காரர் காட்டுவார். தென்னை கடற்காற்றில் ஆடும். ஆடும் மரத்தில் கட்டிய ஆண்டெனா எதிர்முனையைப் பார்ப்பதும் விடுவதுமாக இருக்கும். ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பைச் சுவரோடு கிளாம்ப் போட்டு நிறுத்துவதுதான் வழி.

இந்த வித்தையில் நம் பக்கத்தில் ஒரு முன்னோடி உண்டு. 2000-களின் நடுவில் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டார ஊர்களில் தான் வைத்த கண் பரிசோதனை மையங்களை வைஃபை வழியாகவே மருத்துவமனையோடு இணைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கூட நின்று செய்த வேலை அது. கிராமத்தில் உட்கார்ந்த நோயாளியை, கிலோமீட்டர்கள் தள்ளி இருந்த மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். அலையை அவ்வளவு தூரம் அனுப்புவதில் அவர்கள் ஜெயித்தார்கள். பிறகு 2008-இல் அவர்கள் வெளியிட்ட அனுபவக் குறிப்பில், வந்த பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மோசமான மின்சாரம் என்று எழுதினார்கள். அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கிப் பலகைகளைத் தின்றிருக்கிறது. என் தொழிலில் நான் கண்டதும் அதுதான். கொட்டகை வரை அலையைக் கொண்டுபோவது ஒரு நாள் வேலை. அங்கே ஒரு பெட்டியை வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதற்குக் கரண்ட், மண், உப்பு மூன்றோடும் ஒப்பந்தம் போட வேண்டும்.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன். "எதுக்குப்பா டிஷ்ஷும் கிஷ்ஷும், ஒரு லேன் வயரை இழுத்துடு" என்று சொல்பவர்கள் அதிகம். நியாயம்தான், நூறு மீட்டருக்குள் என்றால் செம்பு லேன் வயர் வேகத்தில் ராஜா. ஆனால் ஒரே கட்டடத்துக்குள்ளே மட்டும். தனிக்கட்டடம் என்றால் அதற்குப் பெரும்பாலும் தனி எர்த் இருக்கும், மோட்டார் கொட்டகை என்றால் தனி சர்வீஸே இருக்கும். இரண்டு எர்த்துக்கு நடுவே செம்புக் கம்பி ஒன்றைப் போட்டால், பக்கத்தில் எங்கோ இடி விழும்போது இரண்டு இடத்து மண்ணுக்கும் வரும் அழுத்த வேறுபாடு அந்தக் கம்பி வழியாகத்தான் சமன்படப் பார்க்கும். நடுவில் இருக்கும் மோடம், ஸ்விட்ச், டி.வி. எல்லாம் பலி. இடி நேராக விழ வேண்டியதில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலே போதும். சித்திரை வைகாசிக் கோடை இடியிலும் ஐப்பசித் தொடக்கத்திலும் இப்படிச் செத்த போர்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன். லேன் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அதைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

செம்பு என்று விற்பதிலும் மோசம் உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு பூசிய வயரைத்தான் பாதிக் கடைகளில் மலிவாகத் தருகிறார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். கடற்கரைக் காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. கனெக்டருக்குள்ளே பொடியாக உதிரும்.

அதனால் கட்டடத்துக்குக் கட்டடம் நான் போடுவது ஃபைபர். கண்ணாடியில் கரண்ட் போகாது. இடிக்கும் எர்த்துக்கும் அதனிடம் வேலை இல்லை. தெருவில் வீட்டுக்கு வீடு இழுக்கிற அதே டிராப் கேபிள்தான், ஆனால் உள்ளே எஃகுக் கம்பிக்குப் பதில் நார்க்கண்ணாடிக் குச்சி வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். எஃகு இருந்தால் திரும்பவும் உலோகத்தைப் போட்டதாகிவிடும். இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் ஒன்று. ஒரே இழையில் போகவும் வரவும் இரண்டு வேறு நிற ஒளி, 1310, 1550 நானோமீட்டர். ஆகவே ஒரு முனையில் ஏ பெட்டி என்றால் மறுமுனையில் பி பெட்டி. இரண்டும் ஏ என்று வாங்கி வந்து எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்களை எனக்குத் தெரியும்.

கேபிளைக் கொல்லைக்குக் குறுக்கே வானில் கட்டுவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை ஏறியபோது, இங்கேயும் மரங்கள் சாய்ந்து மேலே போன வயர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. மண்ணுக்குள் போனவை தப்பித்தன. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறுகலாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் ஒரு அங்குல பைப்பை இறக்கி, அதற்குள் கேபிள். இதில் பாதி வேலை விசாரிப்பதுதான். செப்டிக் டேங்க் எங்கே, பழைய கிணற்று உறை எங்கே, மோட்டாருக்குப் போகிற கரண்ட் கேபிள் எந்தப் பக்கம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால்தான் தெரியும். மின் கேபிள் போகும் குழிக்குள் இதைச் சேர்த்துப் போடக் கூடாது. தென்னை வேர் பார்த்த இடமெல்லாம் குறுக்கிடும். அதை வெட்டாமல் அடியில் துளைத்துப் போவேன். பைப்பின் மேல் ஒரு சாண் மண் போட்டு, அதன் மேல் வரிசையாகச் செங்கல் வைத்து மூடுவது பழைய மின்கேபிள் ஆட்களிடம் கற்றது. பிறகு யாராவது வாழைக்குக் குழி எடுத்தால் மண்வெட்டி முதலில் செங்கல்லில் இடறும், கை நிற்கும். பைப்பின் இரண்டு வாயையும் எலிக்காக எஃகு நாரால் அடைப்பேன்.

இழையை ஒட்டுவதைப் பார்க்கக் கொல்லையில் கூட்டம் கூடிவிடும். மேலுறையை உரித்தால் உள்ளே தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு நூல். அதன் பூச்சையும் நீக்கினால் மிஞ்சுவது 125 மைக்ரான் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் சுத்தம். கத்தி வைத்த கிளீவரில் ஒரு சொடுக்கு, முனை செங்குத்தாக முறியும். இரண்டு முனையையும் மிஷினில் வைத்து மூடியைச் சாத்தினால் திரையில் இரண்டு கறுப்புக் குச்சிகள் எதிரெதிரே வந்து தானாக நேர்ப்படும். ஒரு மின்பொறி. குச்சிகள் இரண்டும் ஒன்றாகிவிடும். இழப்பு 0.02 டெசிபெல் என்று திரை சொல்லும். உடைந்த நுனித் துண்டுகளை டேப்பில் ஒட்டிச் சேர்த்து டப்பாவில் போட வேண்டும். கொல்லையில் வெறுங்காலோடு நடப்பார்கள். சதைக்குள் போன கண்ணாடியைத் தேடி எடுக்க முடியாது. கடைசியில் பேனா லேசரைச் சொருகினால் எதிர்முனையில் சிவப்புப் பொட்டு தெரியும். வழியில் எங்காவது இறுக்கி வளைத்திருந்தால் அந்த இடத்திலேயே சிவப்பு கசியும். இதைப் பகலில் காட்ட முடியாது, அந்தி சாய்ந்த பிறகுதான். வீட்டுப் பிள்ளைகள் கைத்தட்டும் ஒரே கட்டம் இது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்த் தொழிலைச் சொன்னதாகாது. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு மாதிரி அலைச்சத்தம் கேட்கும் இடங்களில் லேன் சாக்கெட்டின் எட்டுக் கால்களிலும் பச்சைக் களிம்பு ஏறிவிடும். விளக்கு எரியும், தரவு போகாது. அங்கே பெட்டி எப்போதும் கீழே பார்த்த வாயோடு இருக்க வேண்டும். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏற வேண்டும், வயரோடு ஓடி வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். கனெக்டரைத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுவேன். அவ்வளவு அடைத்தும் ஒரு சின்னத் துளை விட்டால் பல்லி முட்டையிடும், எறும்பு மண் கொண்டுவந்து சேர்க்கும். சூடாக இருக்கும் இடம் அவற்றுக்குப் பிடிக்கும்.

பிரான்சிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் சாமான்கள் தனி அத்தியாயம். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கரண்ட் சம்பந்தமாகப் பிரச்சினை இல்லை, பிளக் முள்தான் வேறு. வைஃபை சாமான் வேலை செய்யும். இசட்-வேவ் வகை சென்சாரும் கதவுப் பூட்டும் வந்தால்தான் சங்கடம். ஐரோப்பாவில் அது 868.42 மெகாஹெர்ட்ஸில் பேசும்; இந்தியாவுக்கான வகை 865.2-இல் பேசும். இங்கே வாங்கியதும் அங்கே வாங்கியதும் ஒரே மேஜையில் இருந்தாலும் ஒன்றை ஒன்று அறியாது. அதோடு, இங்கே உரிமம் வேண்டாத வெளி 2005-இல் 865 முதல் 867 வரை; 2021-இல் 868 வரை நீட்டினார்கள். அதற்கு மேல் 869-லிருந்து செல்பேசி நிறுவனங்களின் வெளி. "பாரிஸ்ல நல்லா ஓடுச்சே" என்று ஆதங்கப்படுபவரிடம் ஓடுவது வேறு, அனுமதி வேறு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஜிக்பீ என்றால் தொல்லை இல்லை, அது உலகெங்கும் 2.4-தான். கரண்டில் ஓடும் ஜிக்பீ பல்பு ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும். கொல்லை வழியில் இரண்டு மூன்று விளக்கு இருந்தால் கொட்டகை வரை படிப்படியாகப் போய்ச் சேரும். சுவிட்சில் யாரும் அந்த விளக்கை அணைத்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வைஃபை முதல் சேனலில் ஓடினால் ஜிக்பீயை 25-ஆம் சேனலுக்கு ஒதுக்கிவிடுவேன், இரண்டும் மோதாது.

திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் வயலுக்குள் இருக்கும் போர் கொட்டகைக்கு நெட் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதுண்டு. மோட்டாரைப் போட்டு நிறுத்த மட்டும்தான் என்றால் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் போதும். தமிழ்நாடு முழுக்க விவசாயிகள் மிஸ்டு கால் கொடுத்து மோட்டார் ஓட்டுகிறார்கள். மும்முனைக் கரண்டில் ஒரு முனை போனாலும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெற்றாக ஓடினாலும் அதுவே நிறுத்திவிடும். அதற்கு வைஃபை எதற்கு?

வீட்டு மோட்டார் வேறு. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். 16 ஆம்பியர் என்று அச்சிட்ட ஸ்மார்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் சில மாதத்தில் உள்ளே ரிலே முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போனில் 'ஆஃப்' காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும். ஆகவே ஸ்மார்ட் சுவிட்ச் கான்டாக்டரின் காயிலை மட்டும் எழுப்ப வேண்டும். பாரத்தை கான்டாக்டர் தாங்கட்டும். தொட்டியில் மிதவை சுவிட்ச் ஒன்றும் தொடரில் இருக்க வேண்டும். நெட்டும் போனும் பொய் சொன்னாலும் மிதவை பொய் சொல்லாது.

அந்த கான்டாக்டருக்குப் பக்கத்தில், சுவரில், கையால் போட்டு நிறுத்தும் ஒரு சாதாரண சுவிட்ச் வைக்காமல் எந்தக் கொட்டகை வேலையையும் நான் முடிப்பதில்லை. இதற்குக் காரணம் நிரவியில் ஒரு வீடு. கொல்லை அறையில் ஒரு அம்மா தங்கி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவர் செய்துவைத்த வேலை; சுவரிலிருந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் போனுக்கு மாற்றியிருந்தார்கள். போன் பிரான்சில். கரண்ட் செலவைப் பார்த்து அங்கிருந்து மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். "சோப்பு போட்டுக்கிட்டு நிக்கிறேன் தம்பி, தண்ணி நின்னு போவுது. அவங்களுக்குப் போன் போட்டா அங்க மணி அஞ்சாம், தூங்குறாங்க. நான் என்னா பண்றது?" என்றார். அந்தக் கொட்டகையில் சிக்னல் மைனஸ் 58. சுத்தமான வேலை. குளிக்கிறவருக்குத் தண்ணீர் இல்லை.

கேமராவும் அந்த அறை வாசலைப் பார்த்தே திரும்பியிருந்தது. பின்கதவைக் காவல் காக்க வைத்தது; அகலக் கண் என்பதால் அவர் துணி காயப்போடுவதும் தலை வாருவதும் சேர்ந்து பதிவாகிக்கொண்டிருந்தன. பிரான்சிலிருந்த பெண்மணியிடம் வீடியோவில் அதைக் காட்டினேன். "ஐயோ, அண்ணே, நான் இதைக் கவனிக்கவே இல்லை" என்றார். நல்லவர். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு கேட் தெரிகிறதா என்பதுதான் கண்ணில் படும். கேமராவைக் கதவு மட்டும் தெரியும்படி திருப்பி, செயலியில் அறைப் பக்கத்தைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்தேன். சுவரில் சுவிட்ச் திரும்ப வந்தது. அது போட்டிருந்தால் போன் அதை நிறுத்த முடியாத மாதிரி இணைத்தேன். மிதவை மட்டும் நிறுத்தும். பெண்மணிக்குச் செயலியில் மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று தெரியும், அது போதும் என்றார்.

இப்போதெல்லாம் யாராவது கொல்லைக்கு நெட் வேண்டும் என்று போன் செய்தால் தூரம் எவ்வளவு என்பதை நான் முதலில் கேட்பதில்லை; அதை வந்து அளந்துகொள்ளலாம். கொட்டகைக்குக் கூரை என்ன, அதற்குக் கரண்ட் வீட்டு மீட்டரிலிருந்து போகிறதா தனி சர்வீஸா, அங்கே இராத்தங்குகிறவர் யாராவது உண்டா என்று கேட்பேன். தகரக் கூரை என்றால் ஆண்டெனா வெளியே. தனி சர்வீஸ் என்றால் ஃபைபர். ஆள் தங்குகிறார் என்றால் வேலை பேசும்போது அவரும் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பெட்டி மூடியின் உள்பக்கம் எதை அணைத்து எதைப் போட வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுகிற தாளை அவர் கையில் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்வேன்; படிக்கத் தெரியாதவர் என்றால் நிறம் வைத்துக் காட்டுவேன். பாரிசிலோ துபாயிலோ இருப்பவர் பணம் கொடுக்கிறார், சரிதான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெட்டியில் விளக்கு அணைந்தால் எழுந்து போய்ப் பார்க்கப்போகிறவர் இவர்.